முந்நூற்றுப் பன்னிரண்டாம் மரத்தின் நிழல்

நான்கு வழிச் சாலைக்காக வடமலைச்சத்திரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு மரங்களையும் அறுத்து முடித்த மறுநாள் காலையில், பால் வாங்கத் தூக்குவாளியோடு தெருவில் இறங்கிய அங்கயற்கண்ணியின் காலடியிலிருந்து அவளுடைய நிழலுக்குப் பதிலாக ஒரு புளிய மரத்தின் நிழல் விழுந்தது. அடி பெருத்து, இடப்பக்கக் கிளை ஒன்று கொஞ்சம் தாழ்ந்து, தெருவின் அகலத்துக்குப் படர்ந்து, எதிர்வீட்டுச் சுவரில் பாதி ஏறி நின்ற அந்த நிழலுக்குள், காற்றே இல்லாத நேரத்திலும், வெயில் பொட்டுப் பொட்டாக அசைந்துகொண்டிருந்தது. பால்காரர் நிழலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அண்ணாந்து ஒருமுறை வானத்தையும் பார்த்தார்.

"கொஞ்சம் இப்படித் தள்ளி நில்லுங்கம்மா. கேன் வெயில்ல இருக்கு" என்றார்.

அவள் தள்ளி நின்றாள். அன்று காலை அதைப் பற்றி ஊரில் பேசப்பட்டது அவ்வளவுதான்.

அவள் ஊர்க்காரி இல்லை. கும்பகோணத்தில் ஓவியம் படித்து, பரோடாவில் கொஞ்ச காலம், டெல்லியில் கொஞ்ச காலம் என்று இருந்து, ஒரு சிற்பியோடு ஆறு வருஷம் வாழ்ந்து, சண்டை எதுவும் இல்லாமலே பிரிந்து வந்தவள். கண்காட்சிப் புத்தகங்களில் ஒருவர் அவளைத் தமிழ் ஓவியர் என்று எழுதினார், இன்னொருவர் பெண் ஓவியர் என்று எழுதினார், மூன்றாமவர் சூழலியல் ஓவியர் என்று எழுதினார். நாற்பத்தொன்பது வயதில் அவளுக்கே தான் இவற்றில் யார் என்பது பிடிபடாமல் போயிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தபோது, சாலையின் இரண்டு ஓரத்திலும் மரங்கள் மார்பில் வெள்ளை பெயின்ட்டில் எண் எழுதிக்கொண்டு வரிசையாக நிற்பதைக் கண்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். பிறகு ஏறவில்லை.

மூடிக்கிடந்த பஞ்சு குடோன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மல் துணி வாங்கிவந்து, தினமும் ஒரு மரமாக, மரத்தைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டி, கரிக்கட்டியால் மேலிருந்து கீழ்வரை தேய்த்தெடுப்பாள். பட்டையின் வெடிப்பும், எறும்பு போன தடமும், யாரோ கத்தியால் கீறிவிட்டுப் போன பெயரும் துணியில் கறுப்பாக எழுந்து வரும். முதலில் ஊர் அவளைச் சாலைப் பணிக்காக அளக்க வந்தவள் என்று நினைத்தது. பிறகு ஏதோ வேண்டுதல் என்று நினைத்தது. அப்புறம் நினைப்பதையே விட்டுவிட்டு 'துணிக்காரம்மா' என்று பெயர் வைத்துக்கொண்டது. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சில வாரங்களில் அவள் பேசியதெல்லாம் 'அரை லிட்டர்' என்ற இரண்டு சொல்லாகவே இருக்கும். குரல் இருக்கிறதா என்று பார்க்க, பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைச் சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொள்வாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது மரம் பஸ் ஸ்டாண்டு முன்னால் நின்ற புளிய மரம். அதைத் தேய்க்க அவளுக்கு மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் மரம் அறுக்கிற வெள்ளக்கண்ணு மெஷின் வாளோடு வந்தான். அறுத்து முடிகிறவரை அவள் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாள். ஊரும் நின்று பார்த்தது, கண்ணில் தூள் விழுந்ததென்று சிலர் துடைத்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் பஸ் பிடித்துப் போனார்கள்.

நிழல் வந்த மூன்றாம் நாள், பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்கிற பூரணம், கூட இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு குடோன் வாசலில் வந்து நின்றாள்.

"ஒரு எட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுப் போங்கம்மா" என்றாள். "மரம் போனதுலருந்து வெயில் தாங்க முடியலை. நேத்து ஒரு புள்ளத்தாச்சி மயங்கி விழுந்துட்டா."

இரண்டு வருஷத்தில் அவளை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை. அங்கயற்கண்ணி உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டாள், தலையைச் சீவிக்கொண்டாள், கல்யாணத்துக்குக் கிளம்புகிறவளைப் போல் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டு அவர்களோடு நடந்தாள். தெருவில் நிழல் அவளுக்கு முன்னால் அகலமாகப் போனது. வெயிலில் திண்டாடிக் கிடந்த ஆடுகள் நான்கு எழுந்து நிழலுக்குள் புகுந்து கூடவே வந்தன.

அப்படித்தான் அது பழக்கமானது. காலையில் பஸ் ஸ்டாண்டுக்குக் கிழக்கே நின்றால் நிழல் பயணிகள் மேல் விழும், மாலையில் மேற்கே நிற்க வேண்டும், உச்சிப் பொழுதில் நடுவில் நின்றால் போதும், நிழல் அவளைச் சுற்றி வட்டமாகக் கிடக்கும். பூரணம் தன் கூடையை முதல் ஆளாக இறக்கிவைத்தாள். ஆட்டோக்காரர்கள் வண்டியை நிழல் ஓரத்தில் வரிசை கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை வந்தபோது இடமில்லாத பிள்ளைகளை மைதானத்தில் உட்காரவைத்து அவளை நடுவில் நிற்கச் சொன்னார்கள். கல்யாண வீட்டில் பந்தலுக்குப் பதிலாகக் கூப்பிட்டார்கள். சுடுகாட்டில் குழி வெட்டி முடிகிறவரை வெட்டுகிறவர்களுக்காகக் கூப்பிட்டார்கள். வானத்தில் ஒரு பறவையும் இல்லாதபோது நிழலுக்குள் கிளிகளின் நிழல் வந்து உட்கார்ந்தது, சண்டை போட்டது, பறந்தது. மாசி பிறந்தபோது நிழலின் கிளைகளில் வளைந்து வளைந்து காய்கள் தொங்கின. பெண்கள் தரையைப் பார்த்துவிட்டு, "இந்த வருசம் நல்ல காய்ப்பு" என்று சொல்லிக்கொண்டார்கள். துணிக்காரம்மா என்பது மாறி நிழலம்மா என்றானது.

அந்த நாட்களில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். தன்னைச் சுற்றி அறுபது பேர் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது, தனியாகச் சோறு தின்று பழகியவளுக்குப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. யார் மகள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள், யார் வீட்டு போர்வெல் எத்தனை அடியில் வற்றியது எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு விஷயம் அவளுக்குத் தெரியவரக் கொஞ்ச நாள் ஆனது. மரத்தடியில் உட்காருகிறவர்கள் மரத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். எல்லாருடைய முகமும் சாலையைப் பார்த்தே இருந்தது. ஒரு நாள் பேச்சுக்கு நடுவில் அவள், "எங்க ஊர்லயும் போர்வெல் எல்லாம் போச்சு" என்று சொன்னாள். பேச்சு ஒரு கணம் நின்றது, காற்றில் கிளை முறிந்த சத்தம் கேட்டதுபோல் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்தது.

இன்னொன்றும் இருந்தது. நிழல் எல்லோர் மேலும் விழுந்தது, அவள் மேல் விழவில்லை. தரையில் மரம் இருந்ததே தவிர அவள் தலைக்கு மேலே எதுவும் இல்லை. வைகாசி வெயில் அவள் உச்சந்தலையில் நேராக இறங்கியது. வீட்டுக்குப் போனால் டியூப்லைட் வெளிச்சத்தில் அவளுக்கு நிழலே கிடையாது. அவள் கையைச் சுவருக்கு எதிரே நீட்டிப் பார்ப்பாள், சுவர் வெறும் சுவராக இருக்கும்.

முகத்திலும் கழுத்திலும் தோல் உரிந்தது. ஒருநாள் நின்ற இடத்திலேயே முழங்கால் மடங்கி உட்கார்ந்தாள். நிழல் பாதியாகச் சுருங்கியது. வெயில் பட்ட பயணிகள் சிலர் என்ன ஆச்சு என்று திரும்பினார்கள். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, இனி வெயிலில் நிற்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

ஊர் நல்ல ஊர்தான், இரக்கம் இல்லாத ஊர் இல்லை. கவுன்சிலர் கல்யாண மண்டபத்து வாசலில் கூட்டம் போட்டார். தொப்பி வாங்கிவந்து அவள் தலையில் வைத்துப் பார்த்தார்கள். நிழலில் மரத்தின் உச்சி காணாமல் போய், நடுவில் வெயில் விழுந்தது. ஈரத்துண்டைப் போட்டுப் பார்த்தார்கள். தாழ்ந்த கிளை முழுக்கப் போனது. குடை பிடித்துப் பார்த்தபோது மரமே போய், குடையின் நிழல் மட்டும் ஒரு தட்டைப்போல் அவள் காலடியில் கிடந்தது. 

"குடை மட்டும் வேண்டாம்மா" என்றார் கவுன்சிலர். "உங்களுக்கு உசரமா ஸ்டூல் போட்டுத் தர்றோம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மோர் வரும். விளக்கெண்ணெய் தடவிக்குங்க. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க."

அவள் சரி என்றாள்.

அந்த வாரத்திலேயே டெல்லியிலிருந்து நந்திதா வந்தாள். பெரிய கலைக்கூடம் ஒன்றுக்காகக் கண்காட்சிகள் அமைப்பவள், அங்கயற்கண்ணிக்குப் பழைய பழக்கம். குடோனுக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு துணிகளும் கயிறுகளில் தொங்கிக்கொண்டிருந்தன. நந்திதா அவற்றுக்கு ஊடே விறுவிறுவென்று நடந்து, பின்வாசலைத் திறந்து, "வெயில்ல வந்து நில்லுங்க" என்றாள். அங்கயற்கண்ணி போய் நின்றாள். நந்திதா நெடுநேரம் தரையைப் பார்த்தாள்.

"டிசம்பர்லருந்து மூணு மாசம், டெல்லியில. புல்வெளியில நிக்கணும், பதினொண்ணுலருந்து நாலு வரைக்கும். அங்க குளிர்கால வெயில், ஒண்ணும் பண்ணாது. மனுஷியும் மரமும் ஒண்ணுதான்னு இதைவிட யாரும் சொல்லிட முடியாது."

"துணிங்க?" என்று கேட்டாள் அங்கயற்கண்ணி.

"துணி நல்லாருக்கு" என்றாள் நந்திதா, தரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா இப்ப நீங்கதானே வேலைப்பாடு."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அங்கயற்கண்ணி அவளை அனுப்பினாள். செய்தி ஊருக்குள் எப்படியோ பரவியது. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் முதன்முறையாக எல்லோரும் அவளைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"அது எப்படிம்மா போவீங்க?" என்றாள் பூரணம். "மரம் எங்க ஊர் மரம். எங்க தாத்தன் காலத்து மரம். நிழல் மட்டும் எப்படி உங்களுதாகும்?"

அவள் சொன்னதில் தப்பு இருப்பதாக அங்கயற்கண்ணிக்குத் தோன்றவில்லை. நிழல் தன்னுடையது இல்லைதான். ஆனால் அதைக் கழித்துவிட்டால் இந்த ஊரிலோ டெல்லியிலோ தன்னைக் கூப்பிட யார் இருக்கிறார்கள் என்று ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தாள். வெயில் கொதித்தது. மோர் வந்தது, குடித்தாள்.

ஊரிலேயே நிழலுக்குள் வராத ஆள் ஒருவன் இருந்தான். மரங்களை அறுத்த வெள்ளக்கண்ணு. பஸ்ஸுக்குக் காத்திருந்தாலும் எதிரே ரோட்டோரம் மொட்டை வெயிலில்தான் நிற்பான். ஒரு மத்தியானம் பஸ் ஸ்டாண்டு வெறிச்சென்று கிடந்தபோது அவள் எழுந்து அவனை நோக்கி நடந்தாள். நிழல் ரோட்டைக் கடந்து அவன் செருப்பைத் தொட்டபோது அவன் ஒரு அடி பின்வாங்கினான்.

"ஏன் நிழலுக்கு வர மாட்டேங்கிறீங்க?"

"அறுத்தவன் நான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது?"

"அறுக்கணும்னு கையெழுத்துப் போட்டவங்க எல்லாம் உள்ள உக்காந்துதான் பேப்பர் படிக்கிறாங்க."

"அவங்களுக்குச் சத்தம் கேக்கலை. எனக்குக் கேட்டுச்சு" என்றான். பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். வெந்து, கறுத்து, மூக்கு நுனியில் தோல் பெயர்ந்திருந்த அந்த முகத்தை அப்படி யாரும் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. "உங்க பேரு என்னம்மா?" என்றான்.

அவளுக்குச் சட்டென்று வாயில் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்.

அவன் தலையாட்டினான். "இது இப்படியே போனா நீங்க செத்துப் போவீங்க" என்றான், மழை வரும்போலிருக்கு என்பது மாதிரி. "அந்த மரம் இன்னும் கிடக்கு, தெரியுமா? அடிமரம் மட்டும். பழைய மாட்டுத்தாவணில போட்டிருக்கு. எந்த மில்லுக்காரனும் எடுக்கலை. உள்ள முழுக்க ஆணி. இத்தனை வருசமா நோட்டீஸ் தகடு அடிச்ச ஆணி, வாள் பல்லு போயிரும். வந்து பாக்கீகளா?"

அவர்கள் நடந்தார்கள். அவன் வெயிலில் நடந்தான், அவளும் வெயிலில்தான் நடந்தாள், நடுவில் நிழல் யாருக்கும் பயன்படாமல் தார் ரோட்டில் ஊர்ந்து வந்தது. போகிற வழியில் அவன் ஒவ்வொரு இடமாகக் கையைக் காட்டி, இங்கே வேம்பு இருந்தது, இங்கே இரண்டு புங்கை, இது வாகை, இதை அறுக்கும்போது உள்ளே தேன்கூடு இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவள் எண்களைச் சொன்னாள். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று. தேன்கூடு இருந்தது அறுபது. அந்த மரங்களைத் தொட்டு அறிந்தவர்கள் ஊரில் அவர்கள் இரண்டு பேர்தான் என்பது அந்த நடையில் அவளுக்குத் தெரிந்தது. 

முன்பு மாட்டுச்சந்தை கூடிய அந்த மாட்டுத்தாவணியில் நெருஞ்சி மண்டிக் கிடந்த மூலையில் அடிமரம் படுத்திருந்தது, ஒரு யானை ஒருக்களித்துப் படுத்த அகலத்துக்கு. பட்டையில் 312 அப்படியே இருந்தது. அங்கயற்கண்ணி அதன் பக்கத்தில் போய் நின்றாள். நிழல் அதன் மேல் விழுந்தது. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கிளிகளின் நிழல் மட்டும் எழுந்து ஒருமுறை சுற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தது. அவள் பட்டையில் கைவைத்தாள். கரியும் துணியும் இல்லாமல் வெறும் கையால் அதைத் தொட்டது அன்றுதான். அது சூடாக இருந்தது, வெயிலில் கிடந்த எதுவும் போல.

"போ" என்றாள் மெதுவாக. விரட்டுகிற குரல் இல்லை அது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையின் கையை விடுகிற தாயின் குரல்.

அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். நிழல் வரவில்லை. இன்னொரு அடி வைத்தாள். படுத்துக் கிடந்த அடிமரத்திலிருந்து, நின்றுகொண்டிருக்கிற ஒரு மரத்தின் நிழல், கிளையும் இலையும் கிளியுமாக, மாட்டுத்தாவணி முழுக்க விரிந்து கிடந்தது. அவள் கால்மாட்டில் ஒல்லியாக, தோளில் சேலைத் தலைப்போடு, காதோரம் ஒரு முடிக்கற்றை பிரிந்து நின்ற ஒரு பெண்ணின் நிழல் இருந்தது. அதை அவள் அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

வெள்ளக்கண்ணு அப்போதுதான் நிழலுக்குள் வந்தான். வந்து, அடிமரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவள் அவனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. மறுநாளே கிரேன் வந்தது, அடிமரத்தைத் தூக்கி பஸ் ஸ்டாண்டு முன்னால் பழைய இடத்தில் கிடத்தினார்கள், மாலை போட்டார்கள், கவுன்சிலர் பேசினார். முன்னைவிட இது வசதி என்று எல்லோரும் சொன்னார்கள். நிழலும் ஆச்சு, உட்கார மரமும் ஆச்சு, மோர் கொண்டுபோகிற வேலையும் இல்லை. நந்திதாவுக்கு அங்கயற்கண்ணி போன் செய்து, நிழல் போய்விட்டதைச் சொன்னாள். "ஓ" என்றாள் நந்திதா. "உடம்பைப் பாத்துக்கோங்க." பிறகு அவளிடமிருந்து போன் வரவில்லை.

குடோன் கதவை யாரும் தட்டவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது, உரிந்த தோல் போய்ப் புதுத்தோல் வந்தது. தெருவில் போனால் ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன. தன் சின்ன நிழலோடு நடப்பது அவளுக்கு ஏதோ உடுத்த மறந்து வெளியே வந்துவிட்டதுபோல் கூச்சமாக இருந்தது. வெள்ளக்கண்ணு வேறு ஜில்லாவுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று பால்காரர் சொன்னார். மர வேலையா என்று கேட்டாள். இல்லை, கிணறு தூர் வாருகிற வேலை என்றார். மூன்றாவது வாரத்தில் அவள் துணிகளை மடித்து இரும்புப் பெட்டிகளில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். எந்த ஊருக்கு என்று முடிவு செய்திருக்கவில்லை. முதலில் வருகிற பஸ்.

பழக்கதோஷத்தில் அவள் போய் நின்றது வெயிலில். கூட்டம் நிழலில் உட்கார்ந்திருந்தது. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதில் அவளுக்கு வருத்தம்கூட வரவில்லை.

"ஏம்மா" என்று ஒரு குரல் கேட்டது. பூரணம்தான். கூடையை ஓரமாக இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "ஏன் வெயில்ல நிக்கிற? இங்கன வந்து உக்காரு. இடம் கிடக்குல்ல."

அங்கயற்கண்ணி வந்தாள். நிழலின் ஓரத்தில் ஒரு கணம் நின்றாள், ஆற்றில் இறங்குமுன் கால்வைத்துப் பார்க்கிறவளைப் போல. பிறகு உள்ளே வந்து அடிமரத்தின் மேல் உட்கார்ந்தாள். உச்சந்தலையில் முதலில் குளிர்ந்தது. பிறகு கழுத்தில், பிறகு முதுகில். இத்தனை மாதம் எல்லோரும் எதை விடமாட்டோம் என்றார்கள் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

பூரணம் அவளை, முன்பின் பார்த்திராத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் ஏறிட்டுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஒரு வெள்ளரிக்காயை நான்காக வகுந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவினாள்.

"ஊருக்குப் புதுசா?" என்றாள்.

அங்கயற்கண்ணி அந்த முகத்தையே பார்த்தாள். மாதக்கணக்கில் பெரும்பாலும் பிடரியாகவே பார்த்திருந்தவளின் முகம் அது. இடக்கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பது அவளுக்கும் அன்றுதான் தெரிந்தது.

"ஆமா" என்றாள்.

"பேரு?"

"அங்கயற்கண்ணி."

"அடேயப்பா, எம்புட்டு நீளம்" என்றாள் பூரணம். அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "எந்த ஊருக்குப் போகணும்?"

அவள் பதில் சொல்வதற்குள் பஸ் வந்தது. கூட்டம் எழுந்து முண்டியடித்தது, கண்டக்டர் ஊர்ப் பெயர்களை வரிசையாகக் கத்தினார், அவற்றில் ஒன்றும் அவளுடையதாக இல்லை. பூரணம் வெள்ளரிக்காயை நீட்டினாள். அங்கயற்கண்ணி பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். பஸ் கிளம்பி, புழுதியைக் கிளப்பி, மரமில்லாத அந்த நீள ரோட்டில் ரொம்ப தூரத்துக்குத் தெரிந்துகொண்டே போனது.